பத்து மணிக்குத் தீரும் தண்ணீர்

ஜூன் 16, திங்கள்

காலையிலிருந்து காற்று. ஹல்துமுல்லையில் இந்த மாதம் குடை பிடிப்பது வீண். பள்ளிக்கூடம் வந்து சேர 7.25.

தரம் 9-இல் இன்று விஞ்ஞானக் குறிப்பு சொல்லி எழுதவைக்கவில்லை. ஆறு வருடத்தில் முதல் தடவை. உங்களுக்கே விடை தெரியாத கேள்வி ஒன்றைக் கேளுங்கள், இந்த வாரம் நீங்களே தேடுங்கள் என்றேன். சிலர் கொப்பியைத் திறந்து தலைப்புக்காகக் காத்திருந்தார்கள். கடைசியில் நிரோஷா எழுந்தாள். தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசன் லயத்து வீடுகளிலிருந்து நடந்து வருகிறவள். கேட்டால் மட்டும் பேசுவாள்.

"நம்ம தாங்கியில தண்ணி ஏன் டீச்சர் பத்து மணிக்கே முடிஞ்சிருது?"

எட்டு மணிக்குத் தோட்டத்துக் குழாயிலிருந்து தாங்கி நிரம்பும். இடைவேளைக்குள் காலி. கைகழுவ இல்லை, கழிப்பறைக்கும் இல்லை. பெண் பிள்ளைகள் படும் பாடு தெரியும். நல்ல கேள்வி.

ஜூன் 17, செவ்வாய்

ஊகங்கள், கரும்பலகையில் இருந்தபடி:
குழாயில் ஓட்டை (டிலக்ஷன், வெகு உறுதியாக)
சின்ன வகுப்புகள் வீணாக்குகின்றன
குரங்கு
தாங்கியே சிறியது

குரங்கை அழிக்கலாமா என்று அரைப் பாடவேளை வாக்குவாதம். ஆதாரம் இல்லாமல் சேர்த்தது தப்பென்றால், ஆதாரம் இல்லாமல் அழிப்பதும் தப்பாம். குரங்கு பட்டியலில் இருக்கிறது. மூங்கில் கம்பில் கோடு போட்டு, அரை மணிக்கு ஒரு தடவை தண்ணீரை அளக்க முறை வைத்துக்கொண்டார்கள்.

அதிபர் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஆசிரிய ஆலோசகர் வருகிறார், கொப்பி பார்ப்பாராம். அதிபருக்குக் கோபமில்லை, கவலைதான். "அவரு சரியில்லன்னுட்டா பழைய மாதிரி குறிப்புக்கே போயிருங்க டீச்சர்." சரி என்றேன். வேறென்ன சொல்ல.

ஜூன் 18, புதன்

பண்டாரவளையில் ஆசிரியர்களுக்குச் செயலமர்வு. தலைப்பு: மாணவரின் சிந்தனைத் திறன். நான்கு மணி நேரம் ஒருவரே பேசினார், நாங்கள் எழுதிக்கொண்டோம். பகல் சாப்பாட்டில் பருப்பு நன்றாக இருந்தது. வரும் வழியில் செருப்பு வாங்கினேன். கொஞ்சம் இறுக்கம்.

ஜூன் 19, வியாழன்

டிலக்ஷன் கூட்டாளிகளோடு குழாய் நெடுக நடந்து பார்த்துவிட்டான். ஓட்டை இல்லை. முகம் வாடவில்லை. "ஒண்ணு கழிஞ்சிருச்சு டீச்சர்" என்றான், ஏதோ ஜெயித்ததுபோல.

அளவு அட்டவணை பார்த்தேன். செவ்வாயும் இன்றும் பத்துக்கே காலி. நேற்று மட்டும் ஒரு மணிவரை தண்ணீர். ஏன் என்று கேட்டேன். நிரோஷா மட்டும், நேற்று நான் கொஞ்ச நேரமாவது பள்ளிக்கு வந்தேனா என்று விசாரித்தாள். இல்லை என்றதும் குறித்துக்கொண்டாள். பெண்களிடையே குசுகுசு. நான் கிட்டே போனதும் நின்றது.

நாளை ஆலோசகர் பார்க்கக் கொப்பிகளை அடுக்கி வைத்தேன்.

ஜூன் 20, வெள்ளி

காலை அதிபர் அறையில் கூட்டம். 11.30க்கு ஆலோசகர் வகுப்புக்கு வந்தார். கொப்பி புரட்டினார். குறிப்பே இல்லை, கோடுகள், நேரங்கள், வெட்டித் திருத்திய ஊகங்கள். அதிபர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். காரணம் கிடைத்ததா என்று ஆலோசகர் கேட்டார்.

நிரோஷா எழுந்தாள். "கிடைச்சிருச்சு சேர். சொல்லலாமான்னுதான் தெரியல." என்னைப் பார்த்தாள்.

"ஆதாரம் இருந்தா சொல்லும்மா" என்றேன்.

"டீச்சர் வராத அன்னைக்கு மட்டும் தண்ணி நின்னுச்சு. ஒரு நாள வச்சு முடிவு பண்ணக்கூடாதுன்னு டீச்சர்தான் சொன்னாங்க. அதனால இன்னைக்கு அவங்க கூட்டத்துக்குப் போனதும் தினம் காலையில டீச்சர் கைகழுவுற விஞ்ஞான அறைக்குப் போய்ப் பார்த்தோம். பைப் தொறந்து கெடந்துச்சு. மூடிட்டோம். இப்ப பதினொன்றரை தாண்டிருச்சு, தாங்கியில பாதிக்கு மேல இருக்கு சேர்."

காது சுட்டது. தினமும் வந்ததும் கைகழுவ அந்தப் பைப்பைத் திறப்பேன். அந்நேரம் சொட்டும் வராது. அப்படியே மறந்து வகுப்புக்குப் போய்விடுவேன். எட்டு மணிக்கு வந்த தண்ணீரெல்லாம் கைகழுவும் தொட்டி வழியாகப் பின்னால் தேயிலைக்குள் ஓடியிருக்கிறது. நான் பகல் திரும்பும்போது பைப் மறுபடி காய்ந்திருக்கும், தண்ணீர் வரவேயில்லை என்று மூடிவிட்டுப் போவேன். எத்தனை மாதமோ.

நிரோஷாவின் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. பிள்ளைகளே, தப்பு என்னுடையதுதான், மன்னியுங்கள் என்றேன். சொன்ன பிறகு சிரிப்பு வந்துவிட்டது. அவர்களும் சிரித்தார்கள். நிரோஷா உட்காராமல் நின்றே சிரித்தாள்.

ஆலோசகர் போகும்போது: பாடத்திட்டம் பிந்தியிருக்கிறது, முடிக்க வேண்டும், ஆனால் இதை நிறுத்த வேண்டாம். ஒரு டீச்சர் முகத்துக்கு நேரே இப்படிச் சொல்லத் தனக்கு இந்த வயதிலும் தைரியம் இல்லை என்றார். அதிபர் எனக்குத் தேநீர் அனுப்பிவைத்தார்.

ஜூன் 23, திங்கள்

மழைத் தூறல், காற்று குறைவு. இடைவேளையில் பிள்ளைகள் கைகழுவும் சத்தம். கேட்கச் சுகம்.

இரண்டு பாடவேளை சேர்த்து எடுத்துப் பிந்தியிருந்த பாடத்தை ஓட்டினேன். மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது அடுத்த கேள்வி என்ன என்று கேட்டேன். ஏற்கெனவே வைத்திருந்தார்கள். பள்ளி விடும் வீட்டு மணி தினமும் ஐந்து நிமிடம் பிந்தி அடிக்கிறதே, ஏன்? அதை அடிப்பவர் அதிபர். அவரிடம் போய் யார் விசாரிப்பது என்று கேட்டேன்.

பன்னிரண்டு கைகள்.