தடைக்காலத்தில் அளந்த சர்வர்

அனுப்புநர்
ஃப்ளோரா சைமன்,
செயலாளர், வடமுனை விசைப்படகு உரிமையாளர் சங்கம்,
'வியாகுல மாதா' லாஞ்சின் (விசைப்படகின்) உரிமையாளர்,
காசிமேடு, ராயபுரம், சென்னை – 13.

பெறுநர்
மேலாண்மை இயக்குநர் அவர்கள்,
வடமுனை மீன்பிடிப் படகுச் சேவைக் கூட்டுறவுக் கழகம்,
தலைமை அலுவலகம், சென்னை.

பொருள்: கழகத்தின் புதிய கணினி அமைப்பு – மீன்பிடித் தடைக்காலம் முடிந்த நாளில் சர்வர் முடங்கியது – அதன் கொள்திறனை மதிப்பிட்ட ஒப்பந்தப் பொறியாளர் செல்வி தஸ்னீம் மீதான நடவடிக்கையைக் கைவிடக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. எங்கள் சங்கத்தின் புகார் மனு, நாள் 18.06.2025.
2. தங்கள் அலுவலகத்தின் பதில் கடிதம், நாள் 02.07.2025.

மரியாதைக்குரிய ஐயா அவர்களுக்கு, காசிமேட்டிலிருந்து ஃப்ளோராவின் வணக்கம்.

1. பார்வை ஒன்றில் கண்ட புகாரை எழுதியது நான்தான். இந்த மனுவை எழுதுவதும் நான்தான். அன்று கோபத்தில் இருந்தேன், கை தானாக ஓடியது. இதற்கு மூன்று தாள் கிழித்தாயிற்று. தாங்கள் அனுப்பிய பதிலைப் படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2. கழகத்தின் டீசல் பங்க், ஐஸ் கிடங்கு, வலைக்கயிற்றுக் கடை, ஏலக்கூடம், கடன் பிரிவு ஆகிய ஐந்தும் முன்பு தனித்தனிக் கணினிகளில் நடந்துவந்தன. டீசல் போட வேண்டுமென்றால் கடன் பிரிவில் போய் நின்று ஒரு சீட்டு வாங்கி வந்து பங்க்கில் நீட்ட வேண்டும். சீட்டு எழுதுகிறவர் சாப்பிடப் போயிருந்தால் அவர் வரும்வரை நாமும் வெயிலில் காய வேண்டும். இந்த அலைச்சலை ஒழிக்க எல்லாவற்றையும் ஒரே மென்பொருளில், ஒரே சர்வரில் கொண்டுவருவதென்று தங்கள் கழகம் முடிவு செய்தது. அது நல்ல முடிவு, நாங்கள் கைதட்டி வரவேற்றோம்.

3. அந்தச் சர்வர் எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்று மதிப்பிடும் பொறுப்பு செல்வி தஸ்னீமிடம் ஒப்படைக்கப்பட்டது. தண்டையார்பேட்டைப் பெண். இது அவருக்கு முதல் வேலை. இதற்கென்று தனியாக ஓர் ஆளா, இருப்பதிலேயே பெரியதாக ஒன்றை வாங்கி வைத்தால் போதாதா என்று நான் அவரிடமே கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அக்கா, எங்க வூட்டு நிக்காவுக்கு பிரியாணி ஆக்கினா மொத்தம் எத்தினி பேரு வர்றாங்கன்னு பார்த்தா மட்டும் பத்தாது. ஒரே பந்தில எத்தினி பேரு குந்துவாங்க, அத்தையும் பாக்கணும். ரொம்பப் பெரிய தேக்சாவா வாங்கினா வருசம் பூரா மூலைல சொம்மா கெடக்கும். அப்பால அத்த வாங்கினதுக்கு நம்மளத்தான் கேப்பாங்க."

நமக்கு ஒரு டீசல் பில் என்பது ஒரு துண்டுத் தாள். சர்வருக்கு அது ஒரே ஒரு வேலை அல்லவாம். படகின் உரிமத்தைச் சரிபார்க்கும், கடன் தவணையைப் பார்க்கும், தொட்டியின் இருப்பில் கழிக்கும், கணக்கில் ஏற்றும், கடைசியில் நம் செல்போனுக்குச் செய்தியும் அனுப்பும். இப்படிப்பட்ட பில் ஒரே நேரத்தில் எத்தனை விழும் என்று தெரிந்தால்தான் எவ்வளவு வேகம், எவ்வளவு நினைவகம் என்று எழுத முடியும் என்றார். அதை நேரில் வந்து அளக்கவும் விரும்பினார்.

4. எப்போது வரலாம் என்று அவர் கழகத்தின் டீசல் பிரிவுக் கண்காணிப்பாளர் திரு. கமாலுதீன் அவர்களைக் கேட்டார். அவர் சொன்ன பதில்: "இப்ப வேணாம் கண்ணு, சீசன்ல பேஜாரு. தடைக்காலத்துல வா. ஆற அமர குந்திகினு நீ கேக்கறதெல்லாம் சொல்றோம்."

ஐயா, இதில் ஒரு சூதும் இல்லை. எங்கள் லாஞ்சுகள் கரையேறி நிற்கும் அந்த இரண்டு மாதத்துக்குத்தான் நாங்கள் எல்லாவற்றையும் தள்ளிவைப்போம். கல்யாணம், பிள்ளைகளின் புதுநன்மைச் சடங்கு, வீட்டுக்கு வெள்ளையடிப்பது, ஆடுகிற பல்லைப் பிடுங்குவது எல்லாம் அப்போதுதான். வேலையாக வருகிறவரையும் அப்போது வா என்றுதான் சொல்வோம், வந்தால் உட்காரவைத்துச் சோறு போடலாமே என்று. என்னைக் கேட்டிருந்தாலும் கமாலுதீன் பாய் சொன்னதையே சொல்லியிருப்பேன். தங்கள் தலைமை அலுவலகமும் அதே தேதிகளுக்குத்தான் ஒப்புதல் கொடுத்தது.

5. சென்ற ஆண்டு தடைக்காலத்தில் அவர் வந்தார். டீசல் பங்க் கவுன்ட்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு நாள் முழுதும் உட்கார்ந்து பார்த்தார். சிறிய ஃபைபர் படகுகளுக்குத் தடை கிடையாது என்பதால் அந்தப் படகுக்காரர்கள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். ஆகவே கவுன்ட்டர் காலியாகவும் இல்லை. பார்க்கிறவருக்கு அதுவே அன்றாடக் கூட்டம் என்றுதான் படும். சீசனில் எப்படி இருக்கும் என்று அவர் விடாமல் கேட்டார். வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த எங்கள் ஆட்கள், "இத்த விட கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கும்" என்றார்கள். அந்தக் கூட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது கூட்டமாகவே தெரிவதில்லை, நான் என்ன சொல்ல! அந்தப் பெண் அந்தக் 'கொஞ்சத்தை' நம்பாமல், தான் அளந்ததை இரு மடங்காக்கித்தான் மதிப்பீடு கொடுத்தார். அதன்படி சர்வர் வாங்கப்பட்டது. அதன் திறப்பு விழாவும் இந்த ஆண்டு தடைக்காலத்திலேயே நடந்தது. தாங்களே வந்து குத்துவிளக்கு ஏற்றினீர்கள். பில்கள் கண்மூடித் திறப்பதற்குள் வந்தன, எல்லோருக்கும் மகிழ்ச்சி.

6. அதன் பிறகு வந்தது 14.06.2025 சனிக்கிழமை. அன்று நள்ளிரவோடு தடை நீங்குகிறது. துறைமுகத்தில் நிற்கும் லாஞ்சுகள் அத்தனையும் அந்த ஒரே பகலில் டீசல் போட்டு, ஐஸ் நிரப்பி, கயிறு வாங்கியாக வேண்டும். எல்லாமே ஒரே சர்வர். காலையில் முதல் சில பில்கள் வந்தன. பிறகு திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. என் கணவர் சைமன் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "இன்னா நைனா, பில்லு கேட்டா ராட்னம் சுத்திகினு கீது!" என்றார். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வெயில் ஏற ஏற அந்தச் சிரிப்பு போய்விட்டது. ஏற்றிய ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. இரண்டு மாதம் வருமானம் இல்லாமல் இருந்த ஆட்கள், ஐயா. ஜன்னல் கம்பியைப் பிடித்து உலுக்கினார்கள். கமாலுதீன் பாயை ஓரமாக உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தோம்.

7. யாரும் கூப்பிடாமலே தஸ்னீம் ஒரு ஆட்டோவில் வந்து இறங்கினார். எங்கள் சங்கத்தைச் சேர்ந்த தேசப்பன் அவரை என்ன சொல்லித் திட்டினார் என்பதை ஒரு மனுவில் எழுத முடியாது. அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். ஏலக் கணக்கு, கயிற்றுக் கடை, கடன் சரிபார்ப்பு, செல்போன் செய்தி எல்லாவற்றையும் நிறுத்திவைத்து, சர்வரை டீசலுக்கும் ஐஸுக்கும் மட்டும் விட்டார். கடன் பிரிவு அலுவலர் வந்து சத்தம் போட்டபோது, "கடனு எங்கியும் ஓடிப்பூடாது சார். மொதல்ல லாஞ்சு ஓடட்டும்" என்று அவர் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக பில் விழுந்தது. நள்ளிரவில் கிளம்ப வேண்டிய எங்கள் லாஞ்சு மறுநாள் மதியம் கிளம்பியது. மற்ற துறைமுகங்களிலிருந்து வந்தவர்கள் எங்களுக்கு முன்பே வலை இறக்கிவிட்டார்கள். தடைக்காலத்துக்குப் பிறகு வலையில் விழும் முதல் மீன்பாடுதான் ஆண்டின் நல்ல பாடு. அது எங்களுக்கு அரைகுறையாகத்தான் கிடைத்தது.

8. இந்த வயிற்றெரிச்சலில்தான் நாங்கள் புகார் அனுப்பினோம். சர்வரைச் சரி செய்யுங்கள் என்று எழுதினோம். அதில் தஸ்னீம் என்ற பெயரே இல்லை, தாங்கள் எடுத்துப் பார்க்கலாம். ஆனால் தங்கள் பதிலில், 'தங்கள் புகாரின் அடிப்படையில்' அவருக்குக் குறிப்பாணை கொடுக்கப்பட்டிருப்பதாகக் கண்டுள்ளது. குற்றம் ஒன்று, அலட்சியமாக மதிப்பிட்டது. குற்றம் இரண்டு, அனுமதியின்றிக் கடன் சரிபார்ப்பை நிறுத்தியது. 21.07.2025 அன்று விசாரணை. குற்றம் நிரூபணமானால் பணிநீக்கம், சான்றிதழிலும் அதைக் குறிப்பார்களாம். முதல் வேலையிலேயே இப்படி ஒரு வரி விழுந்தால் இந்தத் தொழிலில் அவரை வேறு யார் எடுப்பார்கள்? எங்களைக் கடலுக்கு அனுப்பிவைத்ததையே இரண்டாவது குற்றமாக எழுதியிருக்கிறீர்கள். அதுவும் எங்கள் பெயரைச் சொல்லி! இது எங்களுக்குப் பெரிய அவமானம் ஐயா.

9. அதே கடிதத்தின் கடைசிப் பத்தியில், சர்வரின் கொள்திறனை மறு மதிப்பீடு செய்ய வேறொரு நிறுவனம் வரும் என்றும், அப்பணி 'அலுவல் சுமை குறைந்திருக்கும் அடுத்த மே மாதத்தில்' நடக்கும் என்றும் உள்ளது. இதைச் சங்கக் கூட்டத்தில் வாசித்தேன். மே மாதமா, மாதாவே! மீண்டும் தடைக்காலம். படித்த பெரியவர்கள் இப்போது பிடித்திருக்கும் இதே காலத்தைத்தான் அன்று அந்தப் பெண்ணும் பிடித்தார். அவருடையது அலட்சியம் என்றால் இதற்கு என்ன பெயர் என்று நான் கேட்கவில்லை. எல்லோருக்கும் அது நல்ல தேதியாகத்தான் தெரிகிறது, நாங்கள் உட்பட. அதனால்தான் அதை அவர் ஒருவர் தலையில் மட்டும் கட்ட வேண்டாம் என்கிறேன்.

10. சென்ற ஞாயிறு பூசை முடிந்து வந்தபோது தஸ்னீம் என் வீட்டு வாசலில் நின்றார். வேலையைக் காப்பாற்றச் சொல்லிக் கேட்க வந்திருப்பார் என்று நினைத்து, என்ன சமாதானம் சொல்வது என்று தவித்தேன். அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. சர்வர் முடங்கிய அன்று எந்த நேரத்துக்கு வரிசை எதுவரை நின்றது, புயல் எச்சரிக்கை நீங்கும் நாட்களிலும் இப்படித்தான் எல்லா லாஞ்சும் ஒன்றாகக் கிளம்புமா என்று கேட்டார். "சரியா எவ்ளோ பெருசு வேணும்னு இப்ப தெரிஞ்சிடும் அக்கா. எனக்கு அப்பால வர்றவங்களுக்காச்சும் ஆவும்" என்றார். இரண்டு துண்டு வஞ்சிரம் பொரித்துச் சாப்பிடவைத்துத்தான் அனுப்பினேன்.

11. ஆகவே நாங்கள் பணிவுடன் கேட்பது: செல்வி தஸ்னீமுக்குக் கொடுத்த குறிப்பாணையைத் திரும்பப் பெற வேண்டும். சர்வரின் மறு மதிப்பீட்டை அவரிடமே ஒப்படைக்க வேண்டும். அது முடங்கியதையும் பிழைத்ததையும் உடன் நின்று பார்த்தவர் அவர்தான். அளக்கும் நாளை மே மாதத்தில் வைக்காமல், மழைக்காலத்தில் புயல் எச்சரிக்கை நீங்கி லாஞ்சுகள் ஒன்றாகக் கிளம்பும் நாளில் வைக்க வேண்டும். அன்று எங்களால் அவருக்குச் சோறு போட முடியாது, நின்று பேசவும் நேரம் இருக்காது. பரவாயில்லை, நாங்கள் இடிபடும்போதே அவர் எங்களை எண்ணிக்கொள்ளட்டும்.

12. விசாரணை நடக்கும் 21.07.2025 ஒரு திங்கட்கிழமை. ஞாயிறு விற்பனையை முடித்துத் திங்கள் விடியலில் கடலுக்குப் போவது எங்கள் வழக்கம் என்பது தாங்கள் அறிந்ததே. அன்று எங்கள் சங்கத்தின் லாஞ்சு ஒன்றுகூடப் போகாது. இதை வேலைநிறுத்தம் என்றோ மிரட்டல் என்றோ தாங்கள் கருத வேண்டாம். கடலில் இருந்துகொண்டு சாட்சி சொல்ல முடியாதல்லவா, அதனால் கரையில் நிற்கிறோம். சைமன் முதலில் முகம் சுளித்தார். பிறகு, "போவட்டும் வுடு ஃப்ளோரா, ஒரு தபா போவலன்னா ஒண்ணும் முழுகிப்பூடாது" என்றார்.

முதல் மீன்பாட்டைப் பறிகொடுத்துவிட்டுப் புகார் எழுதியவர்கள் நாங்கள். இன்னொரு பாட்டை அந்தப் பெண்ணுக்காக நாங்களே விட்டுவிட்டு வருகிறோம். இதைப் பார்த்தாவது, அவர் மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று தாங்கள் நம்ப வேண்டும்.

இடம்: காசிமேடு
நாள்: 07.07.2025

தங்கள் நல்ல முடிவை எதிர்பார்த்து,
ஃப்ளோரா சைமன்
(சங்கத்துக்காகவும் தனக்காகவும்)