எட்டுப் பேருக்கும் இரண்டாவது பிரசவம்

பிப்ரவரி 10
ஏழாம் மாதம். மார்ச்சில் தாய்வீட்டுக்குப் போகவேண்டும். எங்கள் மத்தூர் கார்மென்ட்ஸில் பிரசவக் கடிதம் ஒன்று கைமாறிக்கொண்டே இருக்கும். பெயரையும் டோக்கன் எண்ணையும் மாற்றி எழுதிக்கொள்வோம். கெம்பம்மாவிடம் வாங்கி, டீ நேரத்தில் பார்த்து எழுதி ஆபீஸில் கொடுத்துவிட்டேன். வடை சாப்பிடத்தான் நேரமில்லை.

பிப்ரவரி 11
ஐயோ.

கெம்பம்மா கொடுத்த தாளை வீட்டில் இவர் படித்தார். "ஏய் சௌபாக்யா, இது லீவு கேக்கற ரஜா இல்லடி, ராஜினாமா! டிவியில தினம் ஒரு மந்திரி குடுக்கறாரே, அவங்கெல்லாம் பிள்ளை பெறவா போறாங்க?" சிரித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கண்ணை எங்கே வைத்துக்கொண்டு எழுதினேன்?

பிப்ரவரி 12
கெம்பம்மா அசரவில்லை. "எல்லாரும் அதைத்தானே எழுதறோம்? பெத்துட்டு வந்து புதுசா சேர்ந்துக்க."

புதிதாக என்றால் நூல் வெட்டும் வேலை. ஒன்பது வருடமாகக் காலர் தைக்கிறவள் போய் நூல் வெட்டவா? கழிவறையில் நின்று அழுதேன்.

பிப்ரவரி 14
சங்கத்து ஜயசீலாக்கா பிடித்துத் திட்டினாள். "இருபத்தாறு வாரம் லீவு சட்டத்துலயே இருக்குடி. திரும்பி வந்தா அதே மெஷின். நீயா எதுக்கு விட்டுட்டு ஓடற?" ராஜினாமாவைத் திரும்பப் பெற ஒரு கடிதம், விடுப்புக்கு ஒரு கடிதம். இரண்டையும் வாய்விட்டுப் படித்துப் படித்து எழுதினேன்.

பிப்ரவரி 17
இரண்டையும் கொடுத்து மூன்று நாள், ஆபீஸில் இன்னும் கூப்பிடவில்லை.

பிப்ரவரி 18
எச்.ஆர். மேடம் கூப்பிட்டார். அக்காவும் வந்தாள்.

"நீயே எழுதிக் குடுத்ததுதானே? இங்க எல்லாரும் விருப்பப்பட்டுத்தான் போறாங்க, பாரு" என்று பழைய கோப்பைப் பிரித்து ஒரு கடிதத்தைப் படித்தார். 'என் இரண்டாவது பிரசவத்துக்காக...' அடுத்தது. 'என் இரண்டாவது பிரசவத்துக்காக...' அதற்கடுத்ததும் அதேதான். எட்டாவது என்னுடையது. எனக்கு இது தலைப்பிள்ளை!

அக்கா மெதுவாகக் கேட்டாள்: "எட்டுப் பேருக்கும் ரெண்டாவதா மேடம்? எங்க ஊர்ல முதல் பிள்ளையே யாரும் பெத்துக்கறதில்லையா?"

மேடம் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு எட்டையும் வரிசையாக வைத்துப் பார்த்தார்: யாரும் சொந்தமாக எழுதியதில்லை, எல்லாம் பார்த்து எழுதியது. கடைசியில் என் ராஜினாமாவை உருவி என்னிடமே நீட்டினார். "டாக்டர் சர்டிபிகேட் கொண்டு வா."

வாசலில் இரண்டு வடை வாங்கினேன், இரண்டையும் நானே தின்றேன்.

மார்ச் 11
விடுப்பு உத்தரவு கையில். நாளை தாய்வீடு. அப்பாடா.

செப்டம்பர் 10
மகள் ஆலையின் குழந்தைகள் காப்பகத்தில். அதே மெஷின், அதே காலர். ஊசியை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

டீ நேரத்தில் பக்கத்து லைன் தேவீரம்மா வந்து நின்றாள். ஐந்து மாதமாம். "அக்கா, அந்தப் பிரசவக் கடிதம்..."

என் விடுப்புக் கடிதத்தின் நகலைக் கொடுத்தேன்.

"பேரை மாத்திக்கோ. எத்தனாவது பிரசவம்னும் மாத்திக்கோடி."