துவைக்கிற கல்

ஐப்பசி, புதன் இரவு

வண்ணார்பேட்டை நெரிசலில் சிக்கித் தாமதமாக வந்த சர்வேயரை, கைலியை உள்புறம் வெளியே தெரியக் கட்டிக்கொண்டு வரவேற்றேன். மகள் காதில் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

தெருவில் மழைநீர் வடியவில்லை, பழைய வாய்க்காலை எவனோ மூடிவிட்டான் என்று மாநகராட்சிக்கு மனு எழுதிய பெரிய மனிதன் நான்தான். எதிர்வீட்டு முருகன் மழைக்காலம் முழுவதும் கட்டிலுக்குச் செங்கல் வைத்துப் படுக்கிறார்.

சர்வேயர் வரைபடத்தை விரித்தார். “இங்கன அம்புக்குறி போட்ட ஒரு சர்வே கல்லு நிக்கணும் அண்ணாச்சி. அது கெடச்சா வாய்க்கா தடம் தெரிஞ்சிரும். மேல எந்த வீடு இருந்தாலும் இடிச்சிருவோம்.”

“மனு போட்டவரு நீரு, கல்லையும் நீரே கண்டுபிடியும் வே!” என்றார் முருகன்.

நானும் சிரித்துக்கொண்டே புதரை விலக்கித் தேடினேன். அப்போது எங்கள் வீட்டுப் பின்பக்கம் மனைவி துணி துவைக்கும் சத்தம் கேட்டது. என் கை அப்படியே நின்றுவிட்டது.

சாயங்காலம் மழை. வீட்டுத் தரையில் பின்வாசலிலிருந்து முன்வாசல் வரை நேராக ஒரு ஈரக்கோடு. கூரை ஒழுகவில்லை. துடைத்தால் அதே இடத்தில் மறுபடி ஊறுகிறது. “இது எங்க போவுதுப்பா?” என்று மகள் கேட்டாள்.

இப்போது மனைவி பக்கத்தில் தூங்குகிறாள். பின்பக்கம் துவைக்கும் சத்தம் கேட்கிறது. மழைத்தண்ணீர் சொட்டுவதாக இருக்கும்.

முருகனிடம் நான் சொல்லாதது ஒன்றுதான். இந்த வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியபோது குறுக்கே நின்ற கல்லைப் பிடுங்கி, அதிலிருந்த அம்புக்குறி துணியைக் கிழிக்குமென்று அந்தப் பக்கத்தைக் கீழே வைத்துத் துவைக்கிற கல்லாகப் பதித்தவன் நான்.