பன்னிரண்டு எபிசோடும் பேசாதவர்கள்

2023 ஜூன் 4, ஞாயிறு

ஒன்பதாவது எபிசோடும் முடிந்தது. இன்னும் காதலைச் சொல்லவில்லை.

கணக்குப் பார்த்தேன். ஒன்றுக்கு இருபது நிமிடம், ஒன்பதுக்கு மூன்று மணித்தியாலம். அந்த நேரத்தில் நான் ஐஸ் பெக்டரியின் கொம்பிரசரைக் கழற்றி, வால்வு மாற்றி, பூட்டி, ஓடவும் விட்டிருப்பேன். இந்த இரண்டு பேரும் முகம் சிவந்து நிற்கிறார்கள். அவ்வளவுதான் நடந்தது.

இந்த ஜப்பான் காதல் நகைச்சுவைகளைத் தேடிப் பிடிக்கிறவள் தங்கச்சி ஷிஹாரா. காலையில் கற்பிட்டியிலிருந்து படகேறி உச்சமுனைக்குப் போய் பாலர் பாடசாலைப் பிள்ளைகளோடு கத்திவிட்டு வருவாள். பின்னேரம் அஸர் தொழுததும் என் லெப்டொப்பைத் திறப்பாள். நான் மூத்தவன், அவளுடைய நானா; பக்கத்தில் இருந்து குறை சொல்வது என் வேலை. வேகமாக ஓட்டப் போனால் கையில் அடி விழும். “இது மெஷின் இல்ல நானா. கெதியா ஓட்டி முடிச்சு என்னத்துக்கு?”

ஜூன் 7

பத்தாவது. பெண்ணுக்குக் காய்ச்சல். பையன் கஞ்சியோடு வந்தான். எல்லாக் கதையிலும் காய்ச்சல், எல்லாக் கதையிலும் கஞ்சி. அந்த நாட்டில் டிஸ்பென்சரியே கிடையாதா?

ஜூன் 11, ஞாயிறு

என் அபிப்பிராயத்தை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். பிறகு மாற்றிச் சொன்னேன் என்று ஷிஹாரா சாதிப்பாள்.

ஓடுகிற கார்ட்டூனான அனிமேயை விட, வாசிக்கிற படக்கதையான மங்கா மேல். பக்கத்தைப் புரட்டுவது என் கையில் இருக்கிறது. அனிமேயில் பையன் வாயைத் திறக்கும் நேரம் பார்த்து வாணவேடிக்கை வெடிக்கும், அவளுக்குக் கேட்காது. ஏன், வெடி ஓய்ந்த பிறகு இன்னொரு தரம் சொன்னால் நாக்கு தேய்ந்துவிடுமா? சின்ன வயதிலிருந்து கூடவே இருக்கிற பெண் எப்போதும் தோற்றுப்போகிறாள். அவளுக்காக எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. காரணமே சொல்லாமல் தோற்கடிக்கிறார்கள்.

நல்லதும் உண்டு. வில்லன் இல்லை. அடிதடி இல்லை. ஒரு குடையை யார் பிடிப்பது என்பதற்கே மூன்று அத்தியாயம் போகிறது, அதை நான் மூச்சுவிடாமல் வாசிக்கிறேன். ஏன் என்று தெரியவில்லை.

ஆனால் இப்போது பார்ப்பதில் ஒரு விஷயம் தாங்கவே முடியாது. இரண்டு வருடமாக ஒரே ரயில், ஒரே பெட்டி, எதிரெதிர் இருக்கை. ஒரு வார்த்தை இல்லை. இப்படி மனிதர்கள் எங்கே இருக்கிறார்கள்? சும்மா எழுதுகிறார்கள்.

சொன்னேன். ஷிஹாரா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஜூன் 16, வெள்ளி

ஜும்ஆ முடிந்து அத்தாஉல்லா சாச்சா வந்தார். ஷிஹாராவுக்கு ஒரு கலியாணப் பேச்சு வந்திருக்கிறதாம். உச்சமுனைக்குப் படகு ஓட்டுகிற லத்தீப். அவனுடைய உம்மாவே சொல்லி அனுப்பியிருக்கிறார்.

எங்கள் உம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு, “என்ன புள்ள சொல்ற?” என்று கேட்டார். ஷிஹாரா தலையைக் குனிந்தாள். பிறகு எழும்பி உள்ளே போனாள். கதவுக் கொண்டி விழுந்த சத்தம் கேட்டது.

சாச்சா சிரித்தார். “குமருப் புள்ள பேசாம இருந்தா அதுதான் சம்மதம். மார்க்கமே அப்பிடித்தான் சொல்லுது.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. வாப்பா மௌத்தாகி நாலு வருடம். இந்த வீட்டில் பெண்ணைக் கொடுக்கிற பொறுப்பு, அதாவது வலீ, நான். சம்மதம் உள்ளவள் எதற்குக் கதவைப் பூட்டுகிறாள்? தினமும் அவன் படகில்தான் போகிறாள், வருகிறாள். ஒரு நாளாவது அவன் பெயரை எடுத்திருக்கிறாளா? பிடித்திருந்தால் முகத்தில் தெரியாதா? பார்க்கத் தெரிந்தவனுக்குத் தெரியும்.

சாச்சாவிடம் வேண்டாம் என்றேன்.

“அவ வேணாண்டு சொன்னாளா?”

“சொல்லத் தேவையில்ல சாச்சா.”

ஜூன் 17

லத்தீபின் வீட்டுக்கு நானே போன் எடுத்துச் சொன்னேன். தங்கச்சிக்கு விருப்பமில்லை. ஒன்றரை நிமிடத்தில் முடிந்தது. வேலை என்றால் இப்படி இருக்க வேண்டும்.

உம்மா விஷயத்தை ஷிஹாராவிடம் சொன்னாராம். “சரி” என்றாளாம்.

ஜூன் 22

பதினோராவது எபிசோட் இறக்கி வைத்து ஐந்து நாள். தலைவலி என்கிறாள். நேற்றும் தலைவலி. ஐஸ் பெக்டரியில் வேலையும் குறைவு. கச்சான் காற்றுக்குக் கடலுக்குப் போகிறவர்கள் பாதிப்பேர்தான்.

இப்போது உச்சமுனைப் படகை வேறொரு ஆள் ஓட்டுகிறாராம், எட்டு மணிக்குத்தான் வருகிறாராம். பிள்ளைகள் பாடசாலை வாசலில் நிற்கிறார்கள் என்று உம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னிடம் சொல்லவில்லை.

ஜூன் 25, ஞாயிறு

இதை எப்படி எழுதுவது.

பகல் சாப்பாடு. அவளைக் கதைக்க வைக்கலாம் என்று நான்தான் தொடங்கினேன். பதினோராவதைத் தனியாகப் பார்த்துவிட்டேன், அந்த ரயில் மாடுகள் இரண்டும் இன்னும் பேசவில்லை, இரண்டு வருடம் ஒரே பெட்டியில் போய்ப் பேசாதவர்களை டொக்டரிடம் காட்ட வேண்டும் என்றேன்.

ஷிஹாரா கையை உதறிவிட்டு நிமிர்ந்தாள்.

“நானும் ரெண்டு வருஷம் ஒரே போட்டில போனேன் நானா. அவரும் பேசல்ல. நானும் பேசல்ல.”

எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

கச்சான் காற்று அடிக்கும்போது தண்ணீர் இவள் பக்கம் தெறிக்காமல் லத்தீப் படகைச் சரித்துப் பிடிப்பானாம். நனையாத பலகையில் வேறு யாரையும் உட்கார விடமாட்டானாம். ஒரு நாள் இவள் பிந்திப் போக, எல்லோரும் ஏச ஏச இருபது நிமிடம் எஞ்சினைப் போடாமல் நின்றானாம், எஞ்சின் கோளாறு என்று பொய் சொல்லி. இரண்டு வருடத்தில் அவன் அவளிடம் சொன்னது “பாத்து இறங்குங்க” மட்டும்தான்.

அப்ப ஏன்டி வாயத் தொறக்கல்ல என்று கேட்டேன். கத்தினேன் என்பதுதான் சரி.

“நீங்க கேக்கல்லியே. உம்மா செவுரப் பாத்துக் கேட்டா. சாச்சா நான் பேசாததையே பதிலா எடுத்துக்கிட்டார். நீங்களும் அதத்தானே செஞ்சீங்க? அவர் ஓமெண்டார், நீங்க இல்லண்டீங்க. ரெண்டு பேரும் என்னக் கேக்கல்ல.”

கதவைப் பூட்டியது ஏனாம்? சிரிப்பு வந்துவிட்டதாம். சாச்சாவுக்கு முன்னால் சிரிக்க வெட்கமாம்.

சிரிப்பு! யா அல்லாஹ், நான் என்ன செய்து வைத்திருக்கிறேன். கேஜ் போட்டு அழுத்தம் பார்க்காமல் காஸ் இறக்குகிறவனை நான் வேலைத்தளத்தில் எப்படி ஏசுவேன்?

ஜூன் 29, ஹஜ்ஜுப் பெருநாள்

பெருநாள் தொழுகை முடிந்து சாச்சாவிடம் விஷயத்தைச் சொன்னேன். திரும்பப் போய்ப் பேசச் சொன்னேன். முடியாது என்றார். “வேணாண்டு சொன்னது என்ட வாயில்ல, ஒன்ட வாய். நீயே போ.” லத்தீபின் உம்மா முந்தல் ஊரில் வேறொரு பெண்ணைப் பார்த்திருக்கிறாராம். அடுத்த கிழமை வெள்ளி முடிவு சொல்கிறார்களாம்.

வீட்டில் யாரும் என்னை ஏசவில்லை. வட்டிலப்பம்கூட வைத்தார்கள். ஏசியிருக்கலாம்.

ஜூலை 2, ஞாயிறு

துறைக்குப் போனேன். லத்தீப் படகைக் கவிழ்த்துப்போட்டு அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டும் சுரண்டுவதை நிறுத்தவில்லை. நான் சுற்றி வளைக்கிறவன் இல்லை.

“விருப்பமில்லண்டு சொன்னது நான். அவ இல்ல. அவட்ட நான் கேக்கவே இல்ல.”

இன்னும் கொஞ்சம் சுரண்டினான். பிறகு கரண்டியை மணலில் குத்தி வைத்தான்.

“நீங்க போன் எடுத்த அண்டைக்கு உம்மா அழுதா, தெரியுமா?”

தெரியாது என்றேன். மன்னிப்புக் கேட்டேன். இதுவரை யாரிடமும் இப்படிக் கேட்டதில்லை, சரியாக வந்ததோ தெரியாது.

கரண்டியின் பிடியைத் தட்டிக்கொண்டே கேட்டான். “இப்ப கேட்டீங்களா? அவங்க என்ன சொன்னாங்க?”

எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. பலகை, தண்ணீர், இருபது நிமிடம். வாயைத் திறந்தேன். மூடினேன். வாழ்க்கையில் முதல் தரம்.

“அத நீங்க அவட்டயே கேளுங்க. புதன்கிழம உம்மாவக் கூட்டிக்கிட்டு வாங்க. நாங்களும் பக்கத்துல இருப்போம்.”

வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. இந்த ஆட்களோடு எப்படித்தான்—

ஜூலை 5, புதன்

வந்தார்கள். அவனுடைய உம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. நியாயம்.

நாலு கதிரை. ஒரு பக்கம் அவனும் அவனுடைய உம்மாவும், மறுபக்கம் எங்கள் உம்மாவும் ஷிஹாராவும். நான் ஜன்னலோரம் நின்றேன். யாரும் பேசவில்லை. என் மணிக்கூட்டில் நாலு நிமிடம். கரைகிற சத்தத்தை வைத்தே கற்பிட்டியில் எத்தனை காகம் என்று எண்ணிவிடலாம் போல இருந்தது. இரண்டு தரம் தொண்டையைச் செருமப் போய் நிறுத்திக்கொண்டேன். அவன் காதெல்லாம் சிவந்திருந்தது. அது கார்ட்டூன் என்று நினைத்திருந்தேன். மனிதருக்கும் அப்படித்தான் சிவக்கிறது.

கடைசியில் ஷிஹாராதான்.

“இப்ப வாற போட் எட்டு மணிக்குத்தான் வருது. புள்ளகள் ஏழரைக்கே வந்து நிக்கிதுகள்.”

அவன் தன் விரல்களைப் பார்த்தான்.

“நாளையிலருந்து நானே ஏழுக்கு வாறன்.” பிறகு, “நீங்க வரச் சொன்னா.”

“வாங்க.”

அவ்வளவுதான். அவனுடைய உம்மா தேத்தண்ணீர்க் கோப்பையைக் கையில் எடுத்தார். அதுவரை தொடவில்லை.

ஜூலை 9

பன்னிரண்டாவது பார்த்தோம். அதிலும் சொல்லவில்லை, ரயிலிலிருந்து சேர்ந்து இறங்குவதோடு முடித்துவிட்டார்கள். மோசமான முடிவு என்றேன். ஷிஹாரா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் தோளில் குத்தினாள். இரண்டாவது சீசன் எப்போது வரும் என்று தேடிப் பார்த்தேன்.

செப்டம்பர் 22, வெள்ளி

நிக்காஹ். பதிவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட மாப்பிள்ளைக்கு ஓர் இடம், எனக்கு ஓர் இடம், சாட்சிகளுக்கு இரண்டு. ஷிஹாராவுக்கு இடமே இல்லை. இவ்வளவு நாளும் நான் அதைக் கவனித்ததில்லை.

கையெழுத்துப் போடச் சொன்னார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்றேன். பெண் பேசாதிருந்தால் போதும்தானே என்று சாச்சா முணுமுணுத்தார். சாட்சிகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு பெண்கள் இருந்த அறைக்குப் போனேன். அவளுக்கு நேரே குந்தினேன்.

“சம்மதமா?”

“எதுக்கு? முழுசாக் கேளுங்க நானா.”

பெண்களெல்லாம் பார்க்க, அவன் பெயர், அவனுடைய வாப்பாவின் பெயர், அவன் கொடுக்கிற மஹர் எல்லாவற்றையும் சொல்லி முழுதாகக் கேட்டேன்.

“ஓம். சம்மதம்.” கூடத்தில் இருந்தவர்களுக்கும் கேட்டதாம்.

திரும்பி வந்து கையெழுத்துப் போட்டேன். கோணலாக விழுந்தது. பேனை சரியில்லை.