கொஞ்சம் தள்ளி நில்லுங்க

திருப்பூர்,
4.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி மகுடேஸ்வரன் எழுதுவது. நீங்களும் மாமாவும் நலம்தானே? குடும்ப வாட்ஸப் குழுவை விட்டு வெளியேறிவிட்டீர்கள், போனும் எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம். என் கல்யாணத்துக்கு உங்களுக்கு வேளைக்கு ஒன்றாகச் சேலைகள் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். கல்யாணப் பெண் தேஜஸ்ரீயே நிறம் பார்த்து எடுத்தாள். இணைச்சீருக்கு அந்த ஊதா. உடன்பிறந்தவள் பக்கத்தில் நின்று அந்தச் சீர் முடியாமல் நான் எப்படி மணவறை ஏறுவேன்? முந்தின நாளே வந்துவிடுங்கள்.

உங்கள் தம்பி,
மகுடேஸ்வரன்

குண்டடம்,
9.8.2025

தம்பிக்கு,

நலம். சேலைகளைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

உன் நிச்சயதார்த்தத்தில் ஆசையாகப் பக்கத்தில் வந்து நின்றேன். "இந்தச் சேலைய கம்பெனி திறப்புக்கே கட்டிட்டீங்கல்லங்கக்கா? போட்டோவுல தெரிஞ்சா தேஜு பிரண்ட்ஸெல்லாம் கேப்பாங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று அத்தனை பேர் முன்னால் சொன்னாய். பந்தியில் உட்காரவைத்து இலையைப் பிடுங்கியது போல இருந்தது. அப்படியும் ஒரு படத்தில் விழுந்துவிட்டேன். அதை வெட்டிக் குழுவில் போட்டீர்கள். உன் தோள்மேல் என் கை மட்டும் இருக்கிறது. அந்தப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டுதான் குழுவை விட்டு வெளியேறினேன்.

ஊர் உலகத்துக்கே பனியன் தைத்து அனுப்புகிறாய். உடுத்தியதை மறுபடி உடுத்துவது குற்றம் என்று உனக்கு யார் சொன்னது?

சாரதாமணி

திருப்பூர்,
14.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கோபம் நியாயந்தான். படத்தை எடுத்துவிட்டேன். உங்களுக்குப் பெரிய ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் ஆர்டர் போட்டிருக்கிறேன். மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். இணைச்சீருக்கு உங்களுக்குப் பதிலாகப் பெரியப்பா மகள் சுப்புலட்சுமியை நிற்கச் சொல்லலாம் என்கிறாள் தேஜஸ்ரீ. எனக்கு மனசு கேட்கவில்லை, நீங்கள்தான் வேண்டும்.

மகுடேஸ்வரன்

குண்டடம்,
19.8.2025

தம்பிக்கு,

பெட்டிகள் வந்தன. இறக்க விடவில்லை. "ஏனுங்க, சும்மா வர்றத வேண்டாங்கறீங்க?" என்றார் வண்டிக்காரர். "இருக்கறதே நல்லா ஓடுதுங்க" என்றேன்.

சுப்புலட்சுமியின் வீட்டுக்கு நானே போய் அந்தப் படத்தைக் காட்டினேன். அவள் வரமாட்டாள். சித்தப்பா மகள் அனுப்ரியாவும் மாட்டாள். பங்காளி வீட்டுப் பெண் ஒருத்தியும் உன் பக்கத்தில் நிற்கப் போவதில்லை. நீ பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து உன் இணைச்சீருக்கு ஆசைப்பட்டவள் நான். அதைக் கெடுத்துவிட்டு இப்போதுதான் நிம்மதியாகச் சோறு தின்கிறேன்.

திருப்பூரில் கிடைக்காத சரக்கா? தேஜஸ்ரீக்குப் பிடித்த நிறத்தில் புதிதாக ஒரு அக்காவை வாங்கிக்கொள். அடுத்த விசேஷத்துக்கு வேறொருத்தியை எடுத்துக்கொள்ளலாம்.

சாரதாமணி