காய்கறிதாம்மா என்று நீ சொன்ன வெங்காய சூப்

பிரிக்ஃபீல்ட்ஸ்,
3 மார்ச் 2026, செவ்வாய்

அன்பு மகன் யுகேந்திரனுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்குக் குறை இல்லாமல் இருக்கிறோம், நீயும் எலோடியும் அந்தப் பிரான்ஸ் லியோன் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க முருகன் துணை இருக்கட்டும். நலம் விசாரித்தாயிற்று. இதற்கு மேல் வருவதெல்லாம் திட்டுத்தான், நின்றுகொண்டு படிக்கிறாய் என்றால் உட்கார்ந்து படி. என்ன இது, அப்பா கடிதமெல்லாம் எழுதுகிறாரே என்று நீ யோசிக்கலாம். போனில் பேசினால் எனக்குக் குரல் ஏறிவிடும், பக்கத்தில் உன் அம்மா இருப்பாள். வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு நீ அடுத்த வேலைக்குப் போய்விடுவாய். ஆறு வருஷம் தமிழ்ப்பள்ளியில் படித்தவன் நீ, எழுத்துக் கூட்டியாவது படி. பல் டாக்டரைப் பார்க்க கிள்ளானிலிருந்து ரயிலேறி இங்கே வந்தேன், வேலை முடிந்து எதிர்க் கடையில் ஒரு கிளாஸ் தே தாரிக்கை வைத்துக்கொண்டு எழுதுகிறேன், வீட்டில் உட்கார்ந்து இதை எழுத முடியாது. வீட்டுச் செய்தி பெரிதாக ஒன்றும் இல்லை, பின்பக்கம் ஒழுகிய கூரையைச் சரி பண்ணியாயிற்று, பக்கத்து வீட்டு உர்சுலா ஆன்டிக்குக் கண் ஆபரேஷன் ஆகி நன்றாக இருக்கிறார். நீ திரும்பிப் போனதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மா பேச்சு பாதியில் நின்றுபோகிறது, வைஃபையை மாற்றுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தாய் அல்லவா, அதற்கும் ஆளைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டேன், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இப்போது சங்கதிக்கு வருகிறேன். லீவுக்கு நீங்கள் இருவரும் வந்திருந்தபோது, ஜனவரி இரண்டாம் தேதி நம் வீட்டு அடுப்பில் எலோடி செய்தாளே வெங்காய சூப், அது ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பெண்ணை நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். ஒன்றரைக் கிலோ பெரிய வெங்காயத்தைத் தானே உரித்து, நீளவாக்கில் மெல்லிசாக நறுக்கி, கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வழிய வெண்ணெயில் போட்டு, தீயைச் சின்னதாக வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் கிண்டினாள். நான் கொஞ்சம் கிண்டட்டுமா என்று உன் அம்மா போய்க் கேட்டதற்கு, நோ நோ மம்மி, சிட் என்று சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டாள். சட்டி விளிம்பில் கை பட்டு மணிக்கட்டில் கொப்புளம் வந்தது, அப்போதும் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. ஒயின் ஊற்ற வேண்டும் என்று பாட்டிலை எடுத்தவள், அம்மா விரதம் என்று நீ சொன்னதும் மூடி வைத்துவிட்டு எலுமிச்சம்பழம் பிழிந்தாள். அதை நான் பார்த்தேன். இன்னொன்றையும் பார்த்தேன். சின்னப் பெட்டி ஒன்றை உன்னிடம் காட்டி அவள் பாஷையில் ஏதோ கேட்டாள், நீ தலையை ஆட்டினாய், அவள் அதிலிருந்து இரண்டு கட்டியை எடுத்து வெந்நீரில் கரைத்தாள், நீ பெட்டியை வாங்கிக் குப்பையில் போட்டாய். போட்டது மட்டும் இல்லை, அதன் மேல் வெங்காயத் தோலை அள்ளிப் போட்டாய். பையன் கிச்சனைச் சுத்தம் பண்ணுகிறானே என்று நான் பெருமைப்பட்டேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

உன் அம்மாவுக்கு அன்றைக்கு விரதத்தில் பத்தொன்பதாவது நாள். எதற்கு விரதம் என்று உனக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன், மறந்தவன் மாதிரிதான் நடந்துகொண்டாய். போன வருஷம் ஜூன் மாதம் நுரையீரலில் நீர் கோத்து அங்கே பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாய். நாங்கள் இங்கே போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். என் பிள்ளை எழுந்து நடந்துவிட்டால் வருகிற தைப்பூசத்துக்கு பத்துமலைக்குப் பால்குடம் எடுக்கிறேன் என்று அவள் வேண்டிக்கொண்டாள். நாற்பத்தெட்டு நாள் கவுச்சி கிடையாது, தரையில் படுக்கை. விரதத்துக்கு வெங்காயமே ஆகாது என்பவர்களும் உண்டு, நம் வீட்டில் அவ்வளவு கெடுபிடி இல்லை. ஆனால் மாடு என்பது விரதம் இல்லாத நாளிலும் நம் வீட்டு வாசற்படி ஏறியது இல்லை. அப்படிப்பட்டவள் அன்றைக்கு மேசையில் உட்கார்ந்தாள், சூப்பின் மேல் ரொட்டி, ரொட்டியின் மேல் சீஸ் உருகிக் கொப்பளிக்கிறது, வீடு முழுக்க வாசனை. இரண்டு கரண்டி குடித்துவிட்டு நிறுத்தி உன்னைப் பார்த்தாள். இந்தத் தண்ணி எதுல செஞ்சதுப்பா என்று கேட்டாள். நீ கண் இமைக்காமல், காய்கறிதாம்மா, சாப்பிடுங்க என்றாய். அதோடு விட்டாயா, அந்தக் கிண்ணம் முடிந்ததும் இன்னொரு கிண்ணம் எடுத்து அவள் முன்னால் வைத்தாய். அதையும் அவள் முடித்தாள்.

மறுநாள் காலையில் நீங்கள் ஏர்போர்ட்டுக்குப் போன பிறகு குப்பைப் பையைத் தூக்கினேன், அடியில் கிழிந்து எல்லாம் வாசலில் கொட்டியது. தோலுக்கு நடுவில் அந்தப் பெட்டி. மேருவில் முப்பது வருஷம் ஃபேக்டரி ஸ்டோரில் லேபிள் படித்தே சம்பளம் வாங்கியவனடா நான், எழுத்து இருக்கிற எதையும் படிக்காமல் எறிய என் கைக்குத் தெரியாது. மூலையில் சின்னதாக ஒரு மாட்டுத் தலைப் படம். சந்தேகத்துக்கு போன் கேமராவைக் காட்டினேன், மாட்டிறைச்சிச் சாறு என்று தமிழிலேயே எழுதிக் காட்டியது. வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். நானும் அதைத்தான் குடித்திருந்தேன், என்னை விடு. உர்சுலா ஆன்டியை நினைத்துத்தான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இருபத்தாறு வருஷமாகப் பக்கத்து வீடு. கிறிஸ்மஸுக்கு அவர்கள் வீட்டில் மாட்டிறைச்சி சமைக்காமல் இருந்தது இல்லை, நமக்குக் கோழி வைத்து அனுப்பத் தனியாக ஒரு சட்டி, தனியாக ஒரு கரண்டி, அதைத் தேய்க்கத் தனியாக ஒரு நார் வைத்திருக்கிறார். அடுத்த வீட்டுக்காரிக்கு இருக்கிற அக்கறை, வயிற்றில் பிறந்த உனக்கு இல்லையே. அந்தப் பெண் உன்னிடம் கேட்டாள். கேட்டுவிட்டுத்தான் போட்டாள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒயினை மூடிய மாதிரி அதையும் மூடியிருப்பாள். உன் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? அவள் ஊர் சூப் அவள் ஊரில் இருக்கிற மாதிரியே வர வேண்டும், இவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது, அதுதானே உன் நினைப்பு?

நானும் யோக்கியன் இல்லை, அதையும் எழுதிவிடுகிறேன். பெட்டியை உர்சுலா ஆன்டி வீட்டுக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு உன் அம்மாவிடம் மூச்சுக் காட்டவில்லை. விரதம் முறிந்துவிட்டது என்று தெரிந்தால் அவள் தாங்கமாட்டாள் என்று பயம். தெரியாமல் சாப்பிட்டது தோஷம் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தைப்பூசத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு, கால் வலிக்குதுங்க, இந்த வருஷம் என்னால படி ஏற முடியாது, அடுத்த வருஷம் எடுத்துக்கறேன் என்றாள். டாக்டரிடம் போகலாம் என்றேன், வேண்டாம் என்றுவிட்டாள். உண்மையைச் சொல்லட்டுமா, அப்பாடா என்று இருந்தது எனக்கு. மனைவிக்குக் கால் வலி என்று கேட்டுச் சந்தோஷப்பட்டவன் இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தைப்பூசத்தன்று அவள் டிவியில் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் தோட்டத்தில் புல் வெட்டப் போய்விட்டேன்.

இரண்டு வாரம் முன்பு எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. மாடு இல்லாவிட்டால் இந்தப் பாழாய்ப்போன சூப் வராதா, பார்த்துவிடுகிறேன் என்று அவள் உர்சுலா ஆன்டியோடு காய்கறி வாங்கப் பாசாருக்குப் போன நேரம் நானே ஆரம்பித்தேன். சீஸுக்காக பங்சார் வரைக்கும் போய் வந்திருந்தேன், விலையைச் சொன்னால் உனக்கும் சேர்த்துத் திட்டு விழும். முதல் தடவை பொறுமை இல்லாமல் தீயைக் கூட்டினேன், வெங்காயம் ஓரமெல்லாம் கருகி வேப்பங்காயாகக் கசந்தது, கொட்டிவிட்டேன். இரண்டாவது தடவை எலோடி செய்த மாதிரி தீயைக் குறைத்து நின்றேன். அரை மணி நேரம் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கிறது, இது எங்கே உருப்படப்போகிறது என்று தோன்றுகிறது, அதற்குப் பிறகுதான் சுண்டி, தேன் நிறமாகி, கடைசியில் கறுப்புக் காப்பி நிறத்துக்கு வருகிறது. சட்டி நிறைய இருந்தது இரண்டு கைப்பிடியாகிவிடுகிறது. அடியில் ஒட்டியதைச் சுரண்டிச் சுரண்டி விட வேண்டும். என் தோள்பட்டை விட்டுப்போயிற்று, அந்தச் சின்னப் பெண் எப்படித்தான் நின்றாளோ. காய்ந்த சீனக் காளான், கேரட், செலரி, மிளகு, பிரியாணி இலை எல்லாம் போட்டுக் கொதிக்கவைத்து வடிகட்டிய தண்ணீரை ஊற்றி, ஒரு கரண்டி கிச்சாப் விட்டேன், அந்தக் கறுப்பு சோயா கிச்சாப்தான். அம்மா தீபாவளிக்கு கேக் சுடுகிற ஓவனில் ரொட்டியும் சீஸும் போட்டு எடுத்தேன். சூப் சூப்பாகத்தான் வந்ததடா. நன்றாகவே வந்தது. அப்படியானால் எதற்காகடா அந்தப் பொய்?

அவள் பாசார் பையோடு உள்ளே வந்தாள், வாசனையில் அப்படியே நின்றாள். டேஸ்ட் பண்ணிப் பாரு லா என்று கரண்டியை நீட்டினேன். ஒரு வாய் குடித்தாள். என்னைப் பார்க்காமல் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே, இதுல மாடு இல்ல, அன்னைக்கு இருந்துச்சு என்றாள். கேரி தீவு எஸ்டேட்டில் அவள் பிறந்த வீட்டுக்கு ஒட்டின வீடு கத்தோலிக்கக் குடும்பம், நடுவில் ஒரு பலகைதான், கிறிஸ்மஸ் நாளெல்லாம் அந்த வாசனையிலேயே வளர்ந்தவள். இரண்டாவது கரண்டியிலேயே தெரிந்துவிட்டதாம். பிறகு ஏன் குடித்தாய் என்று கத்தினேன். அந்தப் பொண்ணு கையில கொப்புளத்தோட என் வாயவே பாத்துக்கிட்டு நின்னுச்சு, நடுவுல எழுந்திருச்சா அது மூஞ்சி என்னாகும், அதுக்குத் தெரியாதுங்க, நம்ம பையனுக்குத்தான் தெரியும் என்றாள். அதனால்தான் உன்னைக் கேட்டாளாம். தெரிந்துகொள்ளக் கேட்கவில்லை, நீ உண்மையைச் சொல்வாய், சிரித்துக்கொண்டே கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிடலாம் என்று கேட்டிருக்கிறாள். நீ காய்கறி என்றாய். முட்டி வலியும் பொய்தான், முட்டி நன்றாக இருக்கிறது, இந்த வாயோடு எப்படிப் பால்குடம் தூக்குவது என்று நின்றுவிட்டாள். உனக்காக வேண்டிக்கொண்டதை உன்னாலேயே செய்ய முடியாமல் போய், அதை யாரிடமும் சொல்லாமல் ஒன்றரை மாதம் அவள் தனியாகச் சுமந்திருக்கிறாள், நான் ஒரு பக்கம் மறைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

இதை உனக்குச் சொல்லக்கூடாது என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் கேட்டாள். அவனா சொல்லட்டுங்க, நீங்க சொல்லி அவன் சொன்னா எனக்கு எதுக்கு என்றாள். நான் சத்தியம் பண்ணவில்லை, கையை உருவிக்கொண்டேன். அவள் பொறுமை எனக்குக் கிடையாது. அந்தச் சூப்பை முருகன் மன்னித்துவிடுவான், அடுத்த வருஷம் மறுபடி முதல் நாளிலிருந்து விரதம் இருந்து அவள் குடத்தைத் தூக்கிவிடுவாள். அந்தப் பொய்யை அவள்தான் மன்னிக்க வேண்டும், நீ வாயைத் திறந்தால்தானே மன்னிக்க முடியும்.

வைஃபைக்கு ஆள் வந்து பார்த்தான், லைன் நல்லாத்தான் இருக்கு அங்கிள், ஒரு கோளாறும் இல்ல என்று சொல்லிவிட்டுப் போனான். நம்பாமல் நேற்று முன்தினம் நீ கூப்பிட்டபோது நானே அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். நீ வேலையைப் பற்றிச் சொல்கிறாய், குளிரைப் பற்றிச் சொல்கிறாய். சாப்பிட்டியாப்பா என்கிறாள், சாப்பிட்டேன்மா என்கிறாய். வேற என்னப்பா என்கிறாள், வேற ஒண்ணும் இல்லம்மா என்கிறாய். அதற்குப் பிறகு அவள் பேசுவதில்லை, போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நீ ஹலோ ஹலோ என்று கத்துகிறாய், லைன் போய்விட்டது என்று வைத்துவிடுகிறாய். லைன் போகவில்லையடா. அவள் காத்துக்கொண்டிருக்கிறாள்.

கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும், நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும், நெஞ்சைக் குளிர் தாக்காமல் பார்த்துக்கொள். எலோடியிடம் இதற்காக ஒரு வார்த்தை கடிந்து பேசாதே, கொப்புளம் ஆறிவிட்டதா என்று நான் கேட்டதாகச் சொல். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடு. வேற என்னப்பா என்று அவள் கேட்கும்போது போனை வைத்துவிடாதே.

இப்படிக்கு,
இன்னும் கோபம் தீராத உன் அப்பா,
கமலநாதன்