ஆடிட் வந்தால் கழற்ற வேண்டிய தாள்

என் பாசமுள்ள தம்பி பாபுவுக்கு,

கட்டுப் போட்ட வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் ஒரு தாளை என் முன்னால் நீட்டி நீ கேட்ட கேள்வி எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "இது யாருக்குக்கா எழுதிகீது?"

தகடு வெட்டும் பிரஸ் மெஷினில் இரண்டு விரல்களை இழந்து நீ ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய சமயம் அது. உன் கம்பெனிச் சுவரில் எப்போதோ மாட்டியிருந்த பாதுகாப்பு அறிவிப்பை ஜெராக்ஸ் எடுத்திருந்தார்கள். 'மேற்படி அறிவிப்பைத் தொழிலாளி மீறியதால் விபத்து நேர்ந்தது' என்று கீழே ஒரு வரி சேர்த்து, உன்னிடம் கையெழுத்து கேட்டிருந்தார்கள். எந்தக் கையால் போடுவாய் என்றுகூட அவர்கள் யோசிக்கவில்லை. வேலைக்குப் போன காலம் முழுக்கப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். திரும்பத் திரும்பப் படித்தேன். எனக்கே விளங்கவில்லை. உனக்கு என்ன பதில் சொல்வது?

போன ஆடியில் நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோய்விட்டது. பதில் இந்த வருடம்தான் கிடைத்தது. கிடைத்ததிலிருந்து எனக்குக் கோபம் அடங்கவில்லை. கோபத்தை வேறு யாரிடம் சொல்வது? நீதான் குறுக்கே பேசாமல் கேட்பாய்.

முதலில் வீட்டுச் சேதி. சுகன்யாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. தை மாதம், பொன்னேரியில். பையன் மீஞ்சூர்க்காரன், லாரி ஷெட்டில் மெக்கானிக், அதிகம் பேசமாட்டான். உன் மகள் அவனுக்கும் சேர்த்துப் பேசுகிறாள். உன் லதா பழையபடி நாஷ்டா சாப்பிட ஆரம்பித்திருக்கிறாள். காலையில் உன் தட்டை எடுத்து வைத்துவிட்டுத் திரும்ப உள்ளே வைக்கும் பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை. நாங்களும் கண்டுகொள்வதில்லை.

நான் ரிடையர் ஆனதும், "சும்மா குந்திகினு இருக்காத, எதுனா எழுது" என்று நீ சொல்லிக்கொண்டே இருப்பாய். எழுதுகிறேன்டா. வேப்பம்பட்டு வீட்டின் சின்ன அறையில் ஒரு மேசை, ஒரு லேப்டாப். யாருக்கும் கீழே வேலை இல்லை. கேட்பவர்களுக்கு எழுதிக்கொடுப்பேன். இந்த வருடம் ஒரு பள்ளியின் பொன்விழா மலரைத் தொகுத்தேன். சிறுவர் பத்திரிகையில் ஒரு கதை வந்தது. அச்சில் என் பெயரைப் பார்த்து லதா அதைத் தெருவில் எல்லோரிடமும் காட்டிவிட்டு வந்தாள். இடையில் கண்புரை ஆபரேஷனும் முடிந்தது.

அந்த ஆபரேஷனில் ஒரு வேடிக்கை கேள். கண்ணில் கட்டோடு வெளியே வந்தவளின் கையில், எந்தச் சொட்டு மருந்தை எப்போது விட வேண்டும் என்று ஒரு தாள் கொடுத்தார்கள். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. கண் ஆபரேஷன் செய்துகொண்டவளுக்கு! லதாதான் ஜன்னலோரம் நின்று படித்துச் சொன்னாள். உன் கேள்வி அப்போதே எனக்குள் எழுந்து உட்கார்ந்துவிட்டது. யாருக்காக எழுதினார்கள்?

உன் மகள் எங்கே வேலைக்குப் போகிறாள் என்று சொன்னால் நீ கோபப்படுவாய். சொல்லித்தான் ஆக வேண்டும். நீ போன பிறகு, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். கான்ட்ராக்ட் வேலை. உட்கார வைத்தது பிரஸ் மெஷினில். லதா அழுதாள், நான் சண்டை போட்டேன். "அத்த, எல்லா வேலையும் அங்கதான் கீது. நான் இன்னா கலெக்டர் ஆபீஸ்லயா போய்க் கேக்கறது?" என்றாள்.

கம்பெனிகளுக்கு அறிவிப்புப் பலகை செய்துதரும் ஏஜென்சி ஒன்று திருவள்ளூரில் இருக்கிறது. அங்கிருந்து ஒரு தம்பி என்னைத் தேடி வந்தார். பிரஸ் மெஷினுக்கான பாதுகாப்பு விதிகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன, தமிழில் வேண்டும் என்றார். எந்தக் கம்பெனிக்கு என்று கேட்டேன். சுகன்யாவின் கம்பெனி. வேறு என்ன வேலை இருந்தாலும் அதைத் தள்ளி வைத்திருப்பேன். இதை மட்டும் விட முடியுமா?

மெஷினை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றேன். "அதெல்லாம் எதுக்கு மேடம், இங்கிலீஷ்ல இருக்கறத அப்படியே தமிழ்ல போட்டா போதும்" என்றார். அதனால் உன் மகளை அடுக்களையில் உட்கார வைத்துக் கேட்டேன். இரண்டு டிபன் பாக்ஸ் மூடிகளைப் பட்டனாக்கி, சப்பாத்திக் கட்டையை அச்சாக்கி, எனக்கு மெஷின் ஓட்டிக் காட்டினாள்.

உனக்குத் தெரிந்ததுதான், இதைப் படிக்கப்போகும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பிரஸ் மெஷினில் இரண்டு பட்டன்கள் இருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் இரண்டு கைகளாலும் அழுத்தினால்தான் அச்சு கீழே இறங்கும். கைகள் இரண்டும் பட்டனில் இருந்தால் அச்சுக்கு அடியில் கை இருக்க வழியே இல்லை. எவ்வளவு நல்ல ஏற்பாடு. ஆனால் டார்கெட் முடியவில்லை என்றால், ஒரு பட்டனை அழுத்தி அப்படியே டேப் ஒட்டிவிடுவார்கள். அப்புறம் ஒரு கைக்கு வேலை இல்லை. அது பீஸை எடுக்கவும் வைக்கவும் உள்ளே போய் வரும். உன் வலது கை அப்படி உள்ளே போன கைதான்.

வகுப்பில் ஒரு பயிற்சி வைப்பேன் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேனே, ஞாபகமிருக்கிறதா? ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகை முன்னால் நிற்பாள். இன்னொருத்தி சொல்லச் சொல்ல அவள் வீடு வரைய வேண்டும். 'அழகான ஓட்டு வீடு' என்று சொன்னால் சாக்பீஸ் நகராது. 'இடமிருந்து வலமாக ஒரு கோடு போடு' என்றால் நகரும். அதே முறையில்தான் எழுதினேன்.

'இரண்டு பட்டனையும் இரண்டு கையால் அழுத்துங்கள். பட்டனில் டேப் ஒட்டியிருந்தால் மெஷினைத் தொடாதீர்கள். பீஸ் மாட்டிக்கொண்டால் கையை உள்ளே விடாதீர்கள்; மெஷினை நிறுத்திவிட்டு சூப்பர்வைசரைக் கூப்பிடுங்கள்.' அவ்வளவுதான்.

ஏஜென்சித் தம்பி போன் செய்தார். ஆங்கிலத்தில் ஒரு பக்கம் முழுக்க இருக்கிறதாம், என் தமிழ் உள்ளங்கை அளவுக்குத்தான் இருக்கிறதாம். பாதுகாப்பைச் சோதிக்க ஆடிட்டுக்கு வருபவர்கள் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் தமிழில் ஏதோ விட்டுப்போன மாதிரி தெரியுமாம். "அவங்களுக்குத் தமிழ் தெரியுமா தம்பி?" என்று கேட்டேன். தெரியாதாம். தமிழ் தெரியாதவர் பார்த்துத் திருப்திப்பட வேண்டிய நீளத்தில் தமிழ் வேண்டுமாம்.

முடியாது என்றேன். கம்ப்யூட்டரிலேயே மொழிபெயர்த்துக்கொள்கிறோம் என்று போனை வைத்துவிட்டார்.

அதோடு விட்டிருந்தால்கூடச் சும்மா இருந்திருப்பேனோ என்னவோ. அந்தக் கம்பெனியில் பாதுகாப்பு வாரம் கொண்டாடினார்கள். சுலோகன் போட்டி. அதற்கு நடுவராக ஒரு தமிழ் டீச்சர் வேண்டும் என்று அதே தம்பி என்னைக் கூப்பிட்டார். மெஷினைக் கண்ணால் பார்க்கலாமே என்று போனேன். பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி, கும்மிடிப்பூண்டியில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் நசுங்கிப் போய்ச் சேர்ந்தேன்.

மேனேஜர் அறைக்குப் போகும் வழியில் ஏ.சி. வராந்தா. அங்கே, பூந்தொட்டிக்கு மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள் அந்தத் தமிழ்ப் பலகை மாட்டியிருந்தது. 'இயந்திரம் இயக்க நிலையில் உள்ளபோது பாதுகாப்பு அமைப்புகளை முடக்குதல் அல்லது அவற்றின் செயல்பாட்டினை மாற்றியமைத்தல் ஆகியவை தடைசெய்யப்பட்ட நடவடிக்கைகளாகக் கருதப்படும்.' இப்படியே கீழே வரைக்கும். உன் ஜெராக்ஸ் தாளின் கூடப்பிறந்தது மாதிரி இருந்தது.

மெஷின் இருக்கும் இடத்தில் ஏன் மாட்டவில்லை என்று மேனேஜரிடம் கேட்டேன். நல்ல மரியாதையான மனிதர். டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார். "அங்க வெச்சா எண்ணெய், தூசி எல்லாம் படியும் மேடம். ஆடிட் வர்றவங்க இந்த வழியாத்தான் வருவாங்க." அப்புறம், "நாளைக்கு எதாவது ஆச்சுன்னா நாங்க சொல்லலன்னு யாரும் சொல்லக்கூடாதில்லையா" என்றார்.

பாபு, உன் கேள்விக்குப் பதில் அதுதான். ஒரு டீயோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார். அது நீ படிப்பதற்காக எழுதியதே இல்லை. உன் விரல் போன மறுநாளுக்காக, உன்னிடம் நீட்டுவதற்காக, முன்கூட்டியே எழுதி வைத்தது. விரல் போகாமல் இருக்க ஒரு வரி எழுத நேரமில்லாதவர்கள், போன பிறகு காட்ட ஒரு பக்கம் எழுதி, சட்டம் போட்டு, தூசி படாமல் பாதுகாக்கிறார்கள்.

பரிசு கொடுக்கும் மேடையில் இதைக் கேட்டுவிடுவது என்று எழுந்தேன். படியருகே சுகன்யா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். என் முகத்தைப் பார்த்தே தெரிந்திருக்கிறது. "அத்த, இன்னாவும் பேசாத. உன்ன ரயிலேத்தி அனுப்பிடுவாங்க. என்னத்தான் நாளைக்கு வேணான்னுவாங்க. தையில கல்யாணத்த வெச்சிகினு ஏன் பேஜாரு?"

அவளுக்காக வாயை மூடிக்கொண்டேன். 'பாதுகாப்பே நம் உயிர்மூச்சு' என்று எழுதியவருக்கு ஒரு சுவர்க் கடிகாரத்தைப் பரிசாகக் கொடுத்தேன். கை தட்டினார்கள். எனக்குக் கை எரிந்தது. நல்ல பிள்ளைகள், நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள். கோபம் அவர்கள்மேல் இல்லை.

திரும்பும் வண்டியில் உன் மகளும் என்னோடு வந்தாள். மீஞ்சூர் தாண்டியதும், ஜன்னலைப் பார்த்தபடியே கையை நீட்டினாள். "மெஷினுக்கு நீ எழுதுன பேப்பர் பையில கீதா? குடு."

மறுநாள் அதைப் பெரிய எழுத்தில் எழுதி மெஷின் மேல் ஒட்டிவிட்டாள். பக்கத்து மெஷினில் வேலை செய்யும் பீகார் பையன் இது என்ன என்று கேட்க, அவள் சைகையிலும் அரை இந்தியிலும் சொல்ல, அவன் கீழே இந்தியில் எழுதிச் சேர்த்தானாம். சூப்பர்வைசர் கிழித்தார். இவள் மறுபடி ஒட்டினாள். திரும்பக் கிழித்தார், திரும்ப ஒட்டினாள். சலித்துப்போய் அவர் விட்டுவிட்டார்.

ஒரு நாள் ஷிப்ட் மாறி இவள் போய் நின்றபோது பட்டனில் டேப் ஒட்டியிருந்தது. இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு நின்றுவிட்டாளாம். சூப்பர்வைசர் வந்து, "ஓட்டுமா, டார்கெட் இன்னா ஆகுறது?" என்று கேட்டிருக்கிறார். இவள் தாளைக் காட்டி, "இன்னா எழுதிகீதுன்னு நீயே படி சார்" என்றிருக்கிறாள். பக்கத்து மெஷினும் நின்றது. பீகார் பையனும் கையைக் கட்டிக்கொண்டான். அப்புறம் அந்த வரிசை முழுக்க. சூப்பர்வைசர் கடைசியில் தன் கையாலேயே டேப்பை உரித்துப் போட்டாராம். இதைச் சொல்லும்போது உன் மகள் சிரித்தாள். லதா சிரிக்கவில்லை. எழுந்து போய்ச் சுகன்யாவின் கைகளை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

இதோடு கடிதத்தை முடித்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் போன வாரம் ஆடிட். முதல் நாளே சூப்பர்வைசர் வந்து சொல்லியிருக்கிறார். "அந்தப் பேப்பர எடுத்துடுமா. அது ஃபார்மட்ல இல்ல. அவங்க போனதும் ஒட்டிக்கோ." வராந்தாப் பலகையின் கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்தார்களாம். ஆடிட்காரர்கள் அதைப் படம் எடுத்துக்கொண்டு போனார்களாம். ஒரு தொழிலாளியின் விரலைக் காப்பாற்றிய தாள், பாதுகாப்பைச் சோதிக்க வருகிறவர்கள் கண்ணில் படக்கூடாதாம். இதை என்னவென்று சொல்வது, சொல்?

அன்று சாயங்காலமே சுகன்யா தாளை மறுபடி ஒட்டிவிட்டாள். அவளுடைய கான்ட்ராக்டை அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிப்பார்களா? எங்கள் யாருக்கும் தெரியாது. அவள் முகத்தைப் பார்த்து நாங்கள் அதைக் கேட்பதில்லை. ஏஜென்சித் தம்பி வேறொரு கம்பெனிக்கு எழுதித்தரக் கேட்டார். மெஷினையும் அதில் நிற்பவர்களையும் காட்டினால் வருகிறேன் என்றேன். அதன் பிறகு போன் வரவில்லை.

உனக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன். அந்தத் தாள் கிழியும்போதெல்லாம் புதிதாக எழுதிக்கொடுப்பேன். யார் படிக்கப்போகிறார்கள் என்று தெரியாமல் இனி ஒரு வரியும் எழுதமாட்டேன். தையில் உன் மகளின் பத்து விரலுக்கும் மருதாணி வைப்பது நான்தான். லதாவிடம் இப்போதே சொல்லிவிட்டேன்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு, டீச்சர் பழக்கம் விடாமல், ஒரே ஒரு வேலை கொடுக்கிறேன். நீங்கள் வேலை செய்யும் இடத்தில் சுவரில் இருக்கும் ஏதாவது ஒரு அறிவிப்பை, அது யாருக்காக மாட்டியிருக்கிறதோ அவரிடம் உரக்கப் படித்துக் காட்டி, "இப்போ நீங்க என்ன செய்வீங்க?" என்று கேட்டுப் பாருங்கள்.

உன் சுகன்யாவின் அத்தை,
உன் அக்கா